பூனை மெத்தையை நனைத்தால்: செம்பூர் வாசகிக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

கேள்வி: மும்பை செம்பூரில் எட்டாவது மாடியில், இரண்டு படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். வீட்டில் இரண்டு பூனைகள். சீனு ஆண், நாலு வயது. பஞ்சு பெண், இரண்டு வயது. இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டது. ஜூனில் மழை ஆரம்பித்ததும், பால்கனியில் இருந்த லிட்டர் பாக்ஸை, அதாவது பூனைகள் சிறுநீரும் கக்காவும் போகும் மண் பெட்டியை, எடுத்து பாத்ரூமில் வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்தோம். நாற்றம் வராமல் இருக்கட்டும் என்று மூடி போட்ட புது பாக்ஸும் அதில் போட லாவண்டர் வாசனை லிட்டர் மண்ணும் வாங்கினோம். அப்போதிலிருந்து சீனு எங்கள் மெத்தையிலும் பாத்ரூம் கால்மிதியிலும் சிறுநீர் போகிறான். ஒருநாள் அத்தை மடித்து வைத்திருந்த புடவைகளின் மேலேயே போய்விட்டான். ஆனால் கக்கா மட்டும் பாக்ஸில்தான் போகிறான். தினமும் ஃபினைல் விட்டுத் துடைக்கிறோம். என் கணவர் அவன் மூக்கை ஈரத்தில் தேய்த்து இரண்டு தட்டும் தட்டினார். பழி வாங்குகிறது என்கிறார் அத்தை. அடுத்த மாதம் நாத்தனார் பிரசவத்துக்கு வருகிறாள். அதற்குள் சீனுவை மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அவனை எப்படித் திருத்துவது?

பதில்: சீனு பழி வாங்கவில்லை. இதை உங்கள் அத்தையிடமும் கணவரிடமும் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஒரு பூனை பழகிய இடத்தை விட்டு வேறு இடத்தில் சிறுநீர் போகிறது என்றால், ஒன்று அதற்கு வலிக்கிறது, இல்லை அந்த பாக்ஸுக்குப் போக அதற்குப் பிடிக்கவில்லை. பல வீடுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். மூக்கைத் தேய்த்தால் அது கற்றுக்கொள்வது, இவர்கள் பார்க்கும்போது போகக்கூடாது என்பதை மட்டும்தான். அப்புறம் சோபாவுக்குப் பின்னால், அலமாரிக்கு அடியில் ஒளிந்து போகும். நோய் இருந்தால் கண்டுபிடிக்க வேண்டிய நாமே அதைப் பார்க்க முடியாமல் போய்விடும். அதனால் அந்த வைத்தியம் இன்றோடு நிற்கட்டும்.

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் ஒன்றைக் கவனியுங்கள். சீனு உட்காரும்போது எவ்வளவு வருகிறது? மெத்தையில் உள்ளங்கை அளவுக்கு மேல் நனைகிறதா, இல்லை சொட்டுச் சொட்டாக இருக்கிறதா? அடிக்கடி போய் உட்கார்ந்து முக்குகிறானா, கத்துகிறானா, அடிப்பக்கத்தை விடாமல் நக்குகிறானா, ஈரத்தில் ரத்தச் சாயல் தெரிகிறதா? ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் முனைப் பக்கம் மிகவும் குறுகியது. பொடிப் படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிடும். அடைத்துவிட்டால் சிறுநீர்ப்பை வீங்கும், சிறுநீரகம் வேலையை நிறுத்தும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போகக்கூடும். முக்கி முக்கி ஒன்றும் வரவில்லை, சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கவில்லை, வாந்தி எடுக்கிறான், இதில் எது இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவு திறந்திருக்கும் மருத்துவமனைக்கு அப்போதே கொண்டு போங்கள். முக்குவதைப் பார்த்து மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிட்டு மறுநாள் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. அதைவிட மோசம், வலிக்கு என்று மனிதர்களுக்கான பாராசிட்டமால் கொடுப்பது. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

ஈரம் நன்றாகப் பரவித்தான் இருக்கிறது, பையன் சாப்பிடுகிறான், விளையாடுகிறான் என்றால் அவசரம் இல்லை. ஆனாலும் இந்த வாரத்துக்குள் சிறுநீர்ப் பரிசோதனையும், முடிந்தால் வயிற்றுக்கு ஸ்கேனும் செய்துவிடுங்கள். இந்த வயதுப் பூனைகளிடம் நாங்கள் அதிகம் பார்ப்பது கிருமித் தொற்று அல்ல. இன்ன காரணம் என்று குறிப்பாகச் சொல்ல முடியாத ஒரு சிறுநீர்ப்பை அழற்சி. சிறுநீரைச் சோதித்தால் கிருமி இருக்காது. வீட்டில் ஏதாவது மாறி மனம் கலங்கும்போது கிளம்பும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கும், இன்னொரு கலக்கம் வந்தால் திரும்பவும் வரும். இதனால் ஒரு குழப்பம் உண்டு. ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் கொடுக்கிறார்கள், ஐந்தாம் நாள் சரியாகிறது, மருந்துதான் குணப்படுத்தியது என்று நம்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் மறுபடி ஆரம்பம். பரிசோதனையில் கிருமி இருந்தால் ஆன்டிபயாட்டிக் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் அவனுக்கு வேண்டியது வலி குறைய மருந்து, உடம்பில் சேரும் தண்ணீர், பயமில்லாத வீடு, இந்த மூன்றும்தான். உலர் தீவனம் மட்டும் போடுகிறீர்கள் என்றால் ஒரு வேளையாவது ஈர உணவுக்கு மாற்றுங்கள். பூனைகள் இயல்பாகவே தண்ணீர் குறைவாகக் குடிப்பவை, சாப்பாடு வழியாக உள்ளே போகும் தண்ணீர்தான் அவற்றுக்கு நிச்சயமானது. தண்ணீர்க் கிண்ணத்தை லிட்டர் பாக்ஸ் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தடவை படித்த வரி, கக்கா மட்டும் பாக்ஸில் போகிறான் என்பது. அப்படியானால் பாக்ஸ் எது, எதற்கு என்று அவனுக்குத் தெரியும். அதை அடியோடு வெறுத்துவிடவும் இல்லை. சிறுநீருக்கு மட்டும் வேறு இடம் தேடுகிறான், அதுவும் மெத்தை, கால்மிதி, மடித்த புடவை என்று மெத்தென்று உறிஞ்சிக்கொள்ளும் இடமாகப் பார்த்து. சிறுநீர் போகும்போது வலித்த ஒரு பூனை, வலியை அந்த பாக்ஸோடும் அந்த மண்ணோடும் முடிச்சுப் போட்டுக்கொள்வது சகஜம். வலி போன பிறகும் அந்த முடிச்சு தங்கிவிடும். அதனால் உடம்பு, பாக்ஸ் இரண்டையும் ஒரே வாரத்தில் கவனிக்கச் சொல்கிறேன். ஒன்று முடிந்து மற்றது என்று தள்ளிப் போட்டால் மெத்தைக்குப் போகும் பழக்கம் உறுதிப்பட்டுவிடும்.

இது எல்லை குறிப்பதற்காகப் பீச்சுவதாக இருக்குமோ என்று சிலர் சொல்லக்கூடும். அது நின்றுகொண்டு, வாலைத் தூக்கி நடுக்கி, சுவர் மேலோ கதவு மேலோ கொஞ்சமாக அடிப்பது. குந்தி உட்கார்ந்து மெத்தையை நனைப்பது அந்த வகை அல்ல. கருத்தடையும் ஆகிவிட்டதால் அந்தச் சந்தேகத்தை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன்.

சரி, பாக்ஸுக்கு வருவோம். ஜூன் மாதம் சீனுவுக்கு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். இடம் மாறியது, பாக்ஸ் மாறியது, உள்ளே இருக்கும் மண்ணும் மாறியது, எல்லாம் ஒரே நாளில். புது இடத்துக்குப் பக்கத்தில் ஒரு இயந்திரம். துணியைப் பிழியும் சுற்றில் அது தடதடவென்று ஆடும்போது அவன் உள்ளே உட்கார்ந்திருந்தால், அந்த ஒரு தடவையே போதும். லாவண்டர் வாசனை நமக்காகச் சேர்த்தது. நம்மைவிடப் பல மடங்கு கூர்மையான மூக்கை வைத்துக்கொண்டு அந்தத் தூள் மேல் உட்கார வேண்டியவன் அவன். மூடியைப் பொறுத்தவரை நான் கண்டிப்பாக இல்லை. மூடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருட்படுத்தாத பூனைகள் நிறைய. ஆனால் மூடி நாற்றத்தை உள்ளேயே அடைத்து வைக்கிறது. நமக்கு வாடை வராததால் நாமும் அள்ள மறந்துபோகிறோம். இன்னொரு பூனை உள்ள வீட்டில் வேறொரு சங்கடமும் உண்டு. உள்ளே போக, வெளியே வர ஒரே வாசல்.

இங்கே பஞ்சுவைக் கொஞ்சம் கவனியுங்கள். அவள் பாத்ரூம் கதவுக்கு எதிரே படுப்பது வழக்கமா? சீறல் இல்லை, சண்டை இல்லை, சும்மாதான் படுத்திருக்கிறாள் என்று தோன்றும். ஆனால் சீனு ஹாலில் எழுந்து பாத்ரூம் பக்கம் நாலடி வைத்து, அவள் தலை தூக்கிப் பார்த்ததும் திரும்பி வந்து உட்கார்ந்தால், அவள் வழி மறிக்கிறாள் என்று அர்த்தம். வீட்டார் கண்ணில் படாத மிரட்டல் இது. ஒரு நாள் மாலை ஃபோனை ஓரமாக வைத்து வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும். பஞ்சுவையும் திட்ட வேண்டாம். இருப்பது ஒரே பாக்ஸ், ஒரே வழி. பிரச்சினை அதில்தான்.

பூனை எண்ணிக்கையைவிட ஒரு பாக்ஸ் கூடுதலாக வேண்டும் என்பது எங்கள் துறையில் சொல்லும் கணக்கு. உங்களுக்கு மூன்று. மும்பை வீட்டில் மூன்றுக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. குறைந்தது இரண்டு வைத்தே ஆக வேண்டும், அவை வெவ்வேறு அறையில் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு பாக்ஸ், பூனைக்கு ஒன்றுதான். உங்கள் படுக்கையறையில் எழுதும் மேஜைக்கு அடியில் ஒன்று, ஹாலில் சோபா ஓரமாக ஒன்று வைத்துப் பாருங்கள். உட்கார்ந்தபடியே அறை வாசல் தெரிய வேண்டும், தப்பிக்க இரண்டு பக்கம் வழி இருக்க வேண்டும். ஹாலில் வைப்பதா என்று அத்தை முகம் சுளிக்கலாம். நாளுக்கு இரண்டு தடவை அள்ளினால், வாசனை போடாத நல்ல லிட்டரில் வாடையே தெரியாது. பால்கனியில் சாரல் படாத மூலை இருந்தால் மூன்றாவதை அங்கே திரும்ப வையுங்கள். எட்டாவது மாடி என்பதால் கேட்கிறேன், பால்கனிக்கு வலை போட்டிருக்கிறீர்கள்தானே? மாடியிலிருந்து விழுந்த பூனைகளை இந்த ஊரில் நிறையப் பார்க்கிறோம்.

கடையில் பூனைக்கு என்று விற்கும் பாக்ஸ்களில் பல, வளர்ந்த ஆண் பூனைக்குச் சின்னவை. மூக்கு நுனியிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம் வரை அளந்து, அதில் ஒன்றரை மடங்கு நீளம் இருக்கட்டும். சீனு 45 சென்டிமீட்டர் என்றால் பாக்ஸ் 65, 70 சென்டிமீட்டர். பாத்திரக் கடையில், துணிமணி போட்டு வைக்க விற்கிறார்களே, அந்தப் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை மூடியில்லாமல் வாங்குங்கள். ஒரு பக்கத்தை ஒரு சாண் உயரத்துக்கு விட்டு மேலே வெட்டி எடுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் போதும். விலையும் பாதிதான்.

உள்ளே போட, பால்கனியில் இருந்தபோது எந்த லிட்டர் போட்டீர்களோ அதையே திரும்ப வாங்குங்கள். பெரும்பாலான பூனைகளுக்கு, பொடியாக, ஈரம் பட்டால் கட்டியாகத் திரளும், வாசனையில்லாத பென்டோனைட் என்ற களிமண் வகை பிடிக்கும். இரண்டு மூன்று அங்குல ஆழம் இருக்கட்டும். புடவை மேலேயே போயிருப்பதால் சீனுவுக்கு இன்னும் மெத்தென்று வேண்டுமோ என்றும் சோதிக்கலாம். ஒரு பாக்ஸில் பென்டோனைட், மற்றதில் சோயாவில் செய்த டோஃபு லிட்டர் போட்டு, எதில் கட்டி அதிகம் விழுகிறது என்று பத்து நாள் காலண்டரில் குறியுங்கள். அவனே சொல்லிவிடுவான். மும்பை மழையில் இன்னொரு தொல்லை உண்டு. லிட்டர் மூட்டையைப் பிரித்து வைத்தால் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, பிறகு சரியாகக் கட்டியாகத் திரளாது, சேறாகிவிடும். அரிசி டின் மாதிரி இறுக மூடும் டப்பாவில் கொட்டி வையுங்கள். அள்ளிய கட்டியை டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். அது குழாய்க்குள் உப்பி அடைத்து, சொசைட்டி முழுக்க உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும்.

ஃபினைலை இன்றே நிறுத்துங்கள். ஃபீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கினாலே உள்ளே போகிறது. டெட்டாலும் அதே வகைதான். பிளீச்சிங் பவுடரும் வேண்டாம், சிறுநீரில் உள்ள அமோனியாவோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும். புடவை அலமாரியில் பாச்சை உருண்டை போட்டிருந்தால் அதையும் பூனைக்கு எட்டாமல் வைக்கச் சொல்லுங்கள், அதுவும் அவற்றுக்கு விஷம்.

அப்புறம் எதால் துடைப்பது? பூனைச் சிறுநீரில் இருக்கும் யூரிக் அமில உப்பு தண்ணீரில் எளிதில் கரையாது. சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விட்ட மாதிரி இருக்கும், காற்றில் ஈரம் ஏறியதும் மறுபடி வீசும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் திடீர் திடீரென்று வாடை கிளம்புவதற்கு இது ஒரு காரணம். நமக்குத் தெரியாத அளவு மிச்சமிருந்தாலும் சீனுவின் மூக்குக்குத் தெரியும், இங்கே போகலாம் என்று அது அவனைக் கூப்பிடும். செல்லப்பிராணிக் கடைகளில், சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் நொதி கலந்த என்சைம் கிளீனர் என்று கேளுங்கள். மெத்தையை முதலில் பழைய துண்டால் அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். சிறுநீர் எவ்வளவு ஆழம் போயிருக்குமோ அவ்வளவு ஆழம் போகும்படி கிளீனரைத் தாராளமாக ஊற்றுங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டு, பிறகு ஒற்றி எடுத்து, மெத்தையை நிமிர்த்தி வைத்து மின்விசிறியில் காய விடுங்கள். இந்தப் பருவத்தில் இரண்டு நாள்கூட ஆகும். காய்ந்ததும் தண்ணீர் இறங்காத உறை போடுங்கள். எங்கெல்லாம் போயிருக்கிறான் என்று சரியாகத் தெரியாவிட்டால், இரவில் விளக்கை அணைத்து ஒரு புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள், காய்ந்த சிறுநீர் மஞ்சள் பச்சையாக ஒளிரும். சுத்தம் செய்த இடங்களில் சில நாள் அவன் சாப்பாட்டுத் தட்டை வைக்கலாம். சாப்பிடும் இடத்தைப் பூனைகள் பொதுவாக நனைப்பதில்லை. பாத்ரூம் கால்மிதியைக் கொஞ்ச காலத்துக்கு எடுத்துவிடுங்கள்.

நாத்தனார் விஷயத்தில் வீட்டில் பயம் இருப்பது நியாயம்தான். பயப்பட வேண்டியது எது என்று தெரிந்தால் பாதி குறையும். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை மலத்தின் வழியாகக் கர்ப்பிணிக்குத் தொற்றக்கூடும், குழந்தையைப் பாதிக்கவும் கூடும். ஆனால் புதிதாக விழுந்த மலத்திலிருந்து உடனே தொற்றாது. தொற்றும் நிலைக்கு வர அதற்கு ஒரு நாளாவது ஆகும். தினம் அள்ளிவிடும் வீட்டில் அதற்கு அவகாசமே இல்லை. வீட்டைவிட்டு வெளியே போகாத, பச்சை இறைச்சி தின்னாத பூனைக்கு அது வருவதே அரிது. லிட்டர் பாக்ஸை நாத்தனார் தொட வேண்டாம், அள்ளும் வேலை உங்கள் கணவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். சரியாகக் கழுவாத காய்கறியும் வேகாத இறைச்சியும் இதே ஒட்டுண்ணிக்கு வழி என்பதால், சமையலறையிலும் அதே கவனம் வேண்டும். இன்னொன்று, அவர் தங்கப்போகும் அறையில் ஒழுங்குபடுத்தும் வேலையை இப்போதே தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முடியுங்கள். கட்டில், தொட்டில், பெட்டி எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்கினால் சீனுவுக்கு அது இரண்டாவது ஜூன் மாதம்.

உங்கள் அத்தையிடம் நான் வாதாடப் போவதில்லை. மடித்து வைத்த புடவையில் பூனை சிறுநீர் போனால் யாருக்கும் மனம் கொதிக்கும். அவரிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். நாலு வயது வரை உங்கள் சோறு தின்று எட்டாவது மாடியில் வளர்ந்த பூனைக்கு, மீன் மார்க்கெட்டில் ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருக்கும் கடுவன்களோடு மோதத் தெரியாது. சிறுநீர்ப்பையில் கோளாறும் இருந்தால் அங்கே அது யாருக்கும் தெரியாமல் செத்துப்போகும். அடுத்தது சட்டம். பசியும் தாகமுமாகக் கிடந்து வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

சொன்னதை எல்லாம் செய்தாலும் நாளைக்கே நிற்காது. முதல் வாரத்தில் மெத்தைக்குப் போவது குறையும், முழுசாக நிற்க ஒரு மாதம்கூட ஆகலாம். அதுவரை படுக்கையறைக் கதவைச் சாத்தியே வைக்க நினைத்தால், அந்த அறை பாக்ஸை வெளியே வேறு மூலைக்கு மாற்றிவிட்டுச் சாத்துங்கள். ஒரு மாதம் கழித்தும் தொடர்ந்தால், மனப் பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் பூனைகளுக்கும் உண்டு, உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

பரிசோதனைக்குச் சிறுநீர் பிடிப்பது எப்படி என்று திகைக்க வேண்டாம். ஒரு பாக்ஸை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மண்ணுக்குப் பதில் கழுவி உலர்த்திய மீன்தொட்டிக் கூழாங்கற்களைப் போட்டு, பஞ்சுவை வேறு அறையில் விட்டு, சீனுவை அதோடு ஒரு இரவு தனியாக வையுங்கள். போனதும் ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, மருந்துக்கடையில் கிடைக்கும் சுத்தமான டப்பாவில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து அன்றே கொடுங்கள். கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்க இந்த மாதிரி சரிப்படாது, அதற்கு மருத்துவர் ஊசி மூலம் சிறுநீர்ப்பையிலிருந்தே எடுப்பார். இரவு முழுக்க அவன் ஒன்றுமே போகவில்லை என்றால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல், காலையில் மாதிரிக்குப் பதில் அவனையே கூடையில் போட்டு எடுத்துப் போங்கள். அறிக்கை வந்ததும், பஞ்சுவின் வீடியோவில் என்ன தெரிந்தது என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.